பெனல் வரும், பெட்டரி ஆரு மாத்துறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற எங்கட படுவான்கரையில கரண்ட் போகாத ஊருகளுக்கு சோலாரும் பெட்டரியும் வச்சு ஊருக்குள்ளயே சின்னதா லைன் இழுத்துக் குடுக்கலாம் எண்டு கதை அடிபடுது. நல்ல விசயம்தான், நான் வேணாம் எண்டு சொல்ல வரல, ஆனா ஒரு கேள்வி இருக்கு.

நாட்டுல கிட்டத்தட்ட 100 வீதம் கரண்ட் குடுத்தாச்சு எண்டு சொல்லி வருசங்களாகுது, யானை வாற எல்லையில வட்டைக்கரையில, வயலோரத்துல இருக்கிற சனம் அந்தக் கணக்குல எங்க விடுபட்டதோ தெரியாது. பத்துப் பன்ரெண்டு வீட்டுக்காக அவ்வளவு தூரம் போஸ்ட் நட்டு ட்ரான்ஸ்போமர் வைக்கிறது கட்டாது எண்டுறாங்க, காணிக்கு உறுதி இல்லாட்டி அது வேற இழுபறி. 2022 ஆகஸ்ட்ல மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340க்கு ஏறினப்ப டவுண்ல எல்லாரும் பெட்ரோல் வரிசையத்தான் பேசினாங்க, குப்பி விளக்கு வீட்டுல பிள்ளைகள் படிக்காம நேரத்தோட படுத்ததை ஆரும் பேசல.

யுத்தம் முடிஞ்ச கையோட வந்த நிறுவனங்கள் எங்கட பக்கம் சந்திக்குச் சந்தி சோலார் லைட் நட்டாங்க, கொஞ்சக் காலத்துல பெட்டரி செத்துப் போச்சு, இப்ப அதுல ஒரு போஸ்ட்டுல மாடு கட்டுறம். பெனல் 20, 25 வருசம் நிக்கும். பழைய ஆசிட் பெட்டரி மூணு நாலு வருசம் தாங்கினாலே பெரிசு, லித்தியம் பத்து வருசம் போகும் எண்டாலும் மறுகா அதையும் மாத்தத்தானே வேணும், அந்தக் காசு எங்க இருந்து வரும் எண்டு திறப்பு விழாவுல ஆரும் சொல்றல்ல.

வெறும் லைட்டுக்கு மட்டும் எண்டா சரிவராது ஐயா. வெயில் கொளுத்துறது பகல்ல, லைட் போடுறது ராவுல, அப்ப முழுப் பாரமும் பெட்டரியிலதான் விழும். பகல்லயே ஓடுற வேலை வேணும். எங்கட மாட்டுப் பட்டிக்காரர் விடியப் பால் கறந்து வச்சிட்டு வண்டி எப்ப வரும் எண்டு ரோட்டப் பாத்துட்டு இருப்பாங்க, வண்டி பிந்தினா பால் திரைஞ்சு போகும். அங்க ஒரு பால் குளிராக்கிற மெசின், ஒரு தண்ணி மோட்டர், ஒரு சின்ன நெல்லுக் குத்துற மெசின் ஓடினா வெயில்ல வாற கரண்ட் நேராவே செலவாகும், அதுக்கு அறவிடுற காசுல பெட்டரிக்கும் சேரும்.

சப்ரகமுவ, ஊவா மலைப்பக்கம் சனமே சங்கம் வச்சு ஓடைத்தண்ணியில கரண்ட் எடுத்து மாசாமாசம் காசு கட்டி நடத்தினாங்க. மறுகா மின்சார சபை லைன் வந்ததும் எல்லாரும் அங்க மாற, கன இடத்துல மெசின் கறள் பிடிச்சுப் போச்சு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடையில சோலார், காத்தாடி, பெட்டரி எண்டு திட்டம் வந்திருக்கு, கடல் நடுவுல கிடக்கிறதால அங்க லைன் வரும் எண்ட பேச்சே இல்ல. எங்களுக்கு அப்பிடி இல்ல, லைன் வரும் வரும் எண்டே வருசம் போகுது, ஒருநாள் உண்மையிலயே வந்துட்டா இந்தப் பெனல் எல்லாம் என்னாகும்? (வந்தாலும் என்ன, 2025 பெப்ரவரி 9ல பாணந்துறை உப மின்நிலையத்துல ஒரு குரங்கு பாய்ஞ்சு முழு நாட்டுக்கும் கரண்ட் போனது மறக்கல்ல.)

அதால திட்டம் கொண்டு வாறவங்ககிட்ட ரெண்டு விசயம் கேக்கிறம். மாசக் காசுல பெட்டரிக்கெண்டு ஒரு பங்கு தனிக் கணக்குல போகணும், சங்கத் தலைவர் நினைச்சபடி அதுல கை வைக்க ஏலாம இருக்கணும். சபை லைன் வாற அண்டைக்கு எங்கட கரண்ட சபை வாங்கும் எண்டு இப்பவே எழுத்துல வரணும், லைசன்ஸ் இல்லாம ஊர்ச் சங்கம் கரண்ட் விக்க ஏலாது எண்டா அதுக்கும் இப்பவே வழி பண்ணித் தரணும். இது ரெண்டும் இல்லாம அடிக்கல் நட வாறவங்களுக்கு மாலை வாங்க எங்கட சங்கத்துல காசு இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
வெல்லாவெளி.