வளைவில் தண்டவாளத்தைச் சாய்த்துப் போடுவது: ஹெச்ஓ (1:87 அளவு மாதிரி ரயில்) லேஅவுட் குறிப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். நிஜ ரயில்பாதையில் வெளித்தண்டவாளத்தை 150 மி.மீ. வரை உயர்த்துவார்கள். 1:87 அளவில் அது 1.7 மி.மீ. ஆகும், அவ்வளவு வேண்டாம். 0.9 மி.மீ. போதும், பார்க்க அழகாகவே இருக்கும்.

மாஸ்கிங் டேப்பே நல்ல பொருள். ஓர் அடுக்கு சுமார் 0.15 மி.மீ., ஆக ஆறு அடுக்கு. வெளிப்பக்க ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) முனைகளுக்கு அடியில் மட்டும் ஒட்டுங்கள். குட்டையான துண்டு முதலில்; அடுத்தடுத்தது இரு முனையிலும் 5 செ.மீ. நீளமாக. மிக நீளமானது மேலே வந்தால் படிகள் மூடி, ஏற்றம் சீராகும்.

தடம்புரள்வது பெரும்பாலும் இந்த ஏற்றத்தில்தான். திடீரென உயர்த்தினால் பாதை முறுக்கிக்கொள்ளும். நீண்ட, விறைப்பான சட்டமுள்ள எஞ்சினின் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஆறு அடுக்குக்கு 30 செ.மீ. நீளத்துக்குக் குறையாமல் ஏற்றம் விடுங்கள். உள்தண்டவாளம் மட்டத்திலேயே இருக்கட்டும்.

பாயிண்ட்களில் (பாதை பிரியும் இடங்களில்) சாய்வு வேண்டவே வேண்டாம். 60 செ.மீ.க்குக் குறைந்த ஆரமுள்ள வளைவில் நீண்ட சரக்கு வண்டி ஓட்டுபவர்களும் தவிர்க்கலாம்: இழுவிசை எடை குறைந்த வேகன்களை உள்பக்கம் கவிழ்த்துவிடும், சாய்வு அதற்குத் துணைபோகும். ஜல்லி கொட்டி ஒட்டும் முன், உங்களிடம் உள்ள மிக நீளமான வண்டியை மெதுவாக, இரு திசையிலும், பின்னோக்கித் தள்ளியும் ஓட்டிப் பாருங்கள்.