நீங்கள் அனுப்பிய ஆள் வயரைத் தப்பாக மாட்டியதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

அனுப்புநர்: தஞ்சாவூர் வாடிக்கையாளர் (பெயர், முகவரி, பில் நகல், வாரண்டி அட்டை நகல் தனியே இணைத்துள்ளேன்)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயருக்கு வாரண்டி மறுத்தது, உங்கள் ஊழியர் மரியாதைக் குறைவாகப் பேசியது குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம். இதே கதையை உங்கள் கால் சென்டரில் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். "48 மணி நேரத்துல கால் வரும் சார்" என்பார்கள். கால் வராது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று எஸ்எம்எஸ்தான் வரும். எது தீர்ந்தது? ஆம்ப்ளிஃபயர் இன்னும் செத்துக் கிடக்கிறது. அதனால்தான் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

முதலில் திருச்சிக்கு அலைந்ததைச் சொல்கிறேன், என்னால் மறக்க முடியாதது அதுதான். வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள் என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். ஆம்ப்ளிஃபயர் 10 கிலோவுக்கு மேல் கனம். பஸ்ஸில் வைத்துக் கொண்டுபோகிற சாமானா அது? நல்ல மழையில், டாக்சி பிடித்து, போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஒரிஜினல் அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எங்கே? அது இல்லாம எடுத்துக்க மாட்டோம்" என்றார். அந்தப் பெட்டியைக் கிழித்து, "இது இனிமே எதுக்கு சார், பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடுங்க" என்று சொன்னது உங்கள் இன்ஸ்டலேஷன் ஆள்! அதைச் சொன்னேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது" என்றார். உட்காரச் சொல்லவில்லை, ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. வாங்க மறுத்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன், அதற்கும் மறுத்துவிட்டார். அதே டாக்சியில் அப்படியே திரும்பி வந்தேன்.

சரி, நடந்ததை முறையாகச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பணிக்கொடையில் 2 லட்சத்துக்கு மேல் போட்டு ஆம்ப்ளிஃபயர், முன்பக்க ஸ்பீக்கர் ஜோடி, சென்டர் ஸ்பீக்கர், பின்பக்க ஸ்பீக்கர்கள், சப்வூஃபர் எல்லாம் வாங்கினேன். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தை இத்தனை வருஷமாக இரைச்சலோடுதான் கேட்டிருக்கிறேன், ஒரு தடவையாவது நல்ல ஒலியில் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை. கூடுதல் பணம் கட்டி நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் எடுத்தேன். "எங்கள் ஆள் வந்து மாட்டினால்தான் வாரண்டி செல்லும்" என்றதால் ஒரு வயரைக்கூட நான் தொடவில்லை.

உங்கள் ஆள் வந்த அன்று நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்பீக்கர் வயரின் முனையைப் பல்லால் கடித்து உரித்தார். உள்ளே இருக்கும் செம்பு இழைகளை முறுக்கக்கூட இல்லை, பிரிபிரியாக அப்படியே ஆம்ப்ளிஃபயரின் பின்னால் திணித்துத் திருகினார். அறைக்கு ஏற்ப ஸ்பீக்கர்களின் ஒலியை அமைக்கும் மைக்கை காது உயரத்துக்கு ஸ்டாண்டில் வைக்க வேண்டும் என்றும், அறை நிசப்தமாக இருக்க வேண்டும் என்றும் உங்கள் கையேடே சொல்கிறது. அவர் அதை சோபா மெத்தை மேல் போட்டுவிட்டு, சீலிங் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, யாரிடமோ போனில் பேசிக்கொண்டே அந்த ஒலி அமைப்பை ஓட்டினார். சென்டர் ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது என்று டிவி திரையில் எச்சரிக்கை வந்தது. "இது எப்பவும் வரும் சார்" என்று தட்டித் தாண்டிப் போனார்.

அப்புறம் நான் தெளிவாகவே கேட்டேன்: "தம்பி, இது விலை கூடின சாமான். ஸ்டெபிலைசர் வைக்கணுமா? இடி மின்னலுக்குத் தனியாக ஏதாவது வாங்கணுமா?" அவர் சொன்ன பதில்: "ஒண்ணும் வேண்டாம் சார், செட்டுக்குள்ளயே எல்லா ப்ரொடெக்‌ஷனும் இருக்கு." என் மனைவியும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார்.

இப்போது உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மெயிலைப் பாருங்கள். "மின்னழுத்த ஏற்றத்தால் பழுது. வாடிக்கையாளர் போதிய மின் பாதுகாப்பு செய்யவில்லை. வாரண்டி பொருந்தாது." ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் எப்படி இதை எழுதினீர்கள்? மாட்ட வந்த ஆள் எதுவும் வேண்டாம் என்கிறார், கெட்டுப்போனதும் ஏன் வைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எதை வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நீங்கள் செய்த சாமான்தானே அது?

ஒன்று கவனியுங்கள். செட் நின்றுபோன அன்று மழையும் இல்லை, இடியும் இல்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் 'டக்' என்று நின்றது. அன்றிலிருந்து ஆன் செய்தால் சிவப்பு விளக்கு மின்னுகிறது, உடனே அணைந்துவிடுகிறது. அதே சுவிட்ச் போர்டில் இருந்த டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. மின்னல் என்றால் டிஷ் கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸ், டிவி, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாக ஆம்ப்ளிஃபயர் என்றும் ஏறி வரும் என்கிறார்கள். அவையெல்லாம் தப்பி, உங்கள் ஆம்ப்ளிஃபயர் மட்டும் செத்ததா? எங்கள் எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். 228 வோல்ட் காட்டியது. உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 230 வோல்ட் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். எர்த்தும் சரியாக இருக்கிறது. அவர்தான் பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார்: சிவப்பு முனையிலிருந்து பிதுங்கிய செம்பு இழை ஒன்று பக்கத்துக் கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தெளிவாகப் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். இரண்டு முனையும் ஷார்ட் ஆகியிருந்தால் ஆம்ப்ளிஃபயர் என்ன ஆகும் என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா?

இதைச் சொல்லத்தான் கால் சென்டரில் மேலதிகாரியைக் கேட்டேன். வந்தவர் நான் பேசி முடிக்குமுன் குறுக்கே புகுந்து, "பாட்டுதானே சார், செல்போன்ல கேளுங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன் நான். ஒரு மாணவன்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. என் பணம், என் வீடு, என் காது. எந்த வயதில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல இவர் யார்? உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே முதலில் சொல்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள், உங்களுக்கே கூசும்.

அன்றிலிருந்து எங்கள் வீடு இழவு வீடு மாதிரி கிடக்கிறது. ஹாலுக்குள் போகவே பிடிக்கவில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டியிருக்கிறேன். என் மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறியதே உங்களால்தான்.

இருந்தாலும் உங்கள் மேல் நம்பிக்கை வைத்துப் பணிவாகவே கேட்கிறேன். உள்ளே கெட்டுப்போன போர்டை வாரண்டியிலேயே மாற்றிக் கொடுங்கள், முடியாவிட்டால் புது ஆம்ப்ளிஃபயர் கொடுங்கள். விஷயம் தெரிந்த ஒருவரை வீட்டுக்கே அனுப்பி எல்லா வயரையும் திரும்ப மாட்டி, ஒலியை முறையாக அமைத்துத் தாருங்கள். இந்த மாடலுக்கு ஸ்டெபிலைசரா, திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டரா, இரண்டும் வேண்டுமா, எத்தனை வாட் தாங்க வேண்டும் என்று உங்கள் முத்திரையோடு எழுதிக் கொடுங்கள். நாளைக்கு மறுபடி என்னைக் குற்றம் சொல்லக் கூடாது. திருச்சி டாக்சி செலவு, போனில் அப்படிப் பேசியவரின் மன்னிப்பு, இரண்டும் எனக்கு வந்தாக வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நான் சும்மா இருக்கப்போவதில்லை. முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடுவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. 5 லட்ச ரூபாய் வரை கட்டணமும் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஓய்வு பெற்றவன், எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானே வந்து நிற்பேன்.

அந்த அளவுக்குப் போகாமல் முடித்துக் கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்

இணைப்பு: பில், வாரண்டி அட்டை, இன்ஸ்டலேஷன் ரசீது, உங்கள் மெயில், வயர் போட்டோ, டாக்சி ரசீது.

பி.கு.: ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே போன் செய்துவிட்டு அனுப்புங்கள். முன்பு வந்த அதே ஆளை மட்டும் அனுப்பாதீர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.