எக்ஸாஸ்ட் லீக் எங்கன்னு பாக்காமலே பார்ட்டு மாத்தி வாங்குன காச திருப்பித் தரணும்

சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல இருக்குற உங்க வொர்க்‌ஷாப்புல என் காரோட எக்ஸாஸ்ட், அதாவது எஞ்சின் புகைய வெளிய விடுற குழாய், போடுற சத்தத்துக்காக மட்டும் 940 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டியிருக்கேன், சத்தம் போகல. அதே சத்தத்த வேற ஒரு மெக்கானிக் ஒரே காலையில கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டாரு. அதனால உங்ககிட்ட கட்டுன காசு எனக்குத் திரும்ப வேணும். ஏன்னு விவரமா எழுதுறேன், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

கார் 2012ல ரெஜிஸ்டர் பண்ணது. 10 வருஷம் முடிஞ்சதும் சி.ஓ.ஈ., அதாவது காரை வச்சிருக்குறதுக்கான உரிமைச் சான்றிதழ, புதுப்பிச்சு ஓட்டிட்டு இருக்கேன், அதுக்கு எவ்ளோ ஆகும்னு உங்களுக்குத் தெரியாததில்ல. அதுக்கு மேல 10 வருஷம் தாண்டுன காருக்கு ரோடு டாக்ஸ்ல 10 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 சதவீதம் வரைக்கும் கூடிக்கிட்டே போகும், வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேற, அங்க புகையும் பாப்பாங்க சத்தமும் பாப்பாங்க. இவ்ளோத்தையும் கட்டி ஒரு காரை வச்சிருக்கேன்னா அத ஒழுங்கா ஓட்டணும்னுதானே. உங்க கவுண்டர்ல இருந்தவரு "பழைய கார்னா அப்டித்தான் இருக்கும், ஸ்க்ராப் பண்ணிட்டு வேற பாருங்க"ன்னு சொன்னாரு பாருங்க, அது எனக்கு ரொம்பவே மனசு கஷ்டமா போச்சு.

முதல் தடவ வந்தப்பவே நான் தெளிவா சொன்னேன் சார். காலையில எங்க புளோக் மல்டி ஸ்டோரி கார்பார்க்ல ஸ்டார்ட் பண்ணதும் முன்பக்கத்துலேர்ந்து டக் டக் டக்னு வேகமா ஒரு சத்தம் வருது, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா அதுவும் கூடவே வேகமாகுது, கொஞ்ச தூரம் ஓட்டி எஞ்சின் சூடானதும் பாதியா கொறஞ்சுடுது, ஆனா மேடு ஏறும்போது திரும்ப கேக்குதுன்னு சொன்னேன். உங்க ஆளு ஜாப் ஷீட்ல எழுதுனது "எக்ஸாஸ்ட் சத்தம்" அவ்ளோதான். முன்பக்கம்னு எழுதல, குளிர்ந்த எஞ்சின்னு எழுதல. அந்த ரெண்டு விஷயமும் தான் எங்க தேடணும்னு காட்டுறதே. எஞ்சின்லேர்ந்து புகைய வாங்குற மேனிஃபோல்டு குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்குற காஸ்கெட்ல சின்னதா வழி விட்டிருந்தா எஞ்சின் ஆறியிருக்கும்போது தான் நல்லா கேக்கும், சூடானா இரும்பு விரிஞ்சு அந்த இடுக்க ஓரளவு அடச்சிடும். நான் பி.ஐ.ஈ. விரைவுச்சாலையில ஓட்டிட்டு வந்த சூட்டோட காரை ஹாய்ஸ்ட்ல தூக்குனா சத்தம் எப்டி கேக்கும்? ராத்திரி இங்கயே விட்டுட்டு போறேன், காலையில ஆறுன எஞ்சின ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கன்னு நானே கேட்டேன், எடம் இல்லன்னுட்டாங்க.

அப்புறம் பின்னாடி சத்தத்தக் கொறைக்கிற மஃப்ளர்ல துரு இருக்குன்னு காட்டி அத மாத்துனீங்க. துரு இருந்தது உண்மைதான், ஆனா மேல்துரு, ஓட்ட ஒண்ணும் இல்ல. மஃப்ளர் போயிருந்தா பின்னாடிலேர்ந்து கும்முன்னு அடிக்கும், முன்னாடி டக் டக்குன்னு கேக்காது. கழட்டுன பழச குடுங்கன்னு கேட்டேன், தூக்கிப் போட்டாச்சுன்னாங்க. என் காரோட பொருள என்னைக் கேக்காம எப்டி தூக்கிப் போடலாம்?

சத்தம் அப்டியே இருந்துச்சு, போதாததுக்கு செக் எஞ்சின் லைட் வேற எரிய ஆரம்பிச்சுது. திரும்ப கொண்டாந்தேன். ஸ்கேனர் மாட்டுனா பி 0171, அதாவது பெட்ரோலுக்கு காத்து அதிகமா இருக்குன்னு காட்டுது. உடனே புகையில இருக்குற ஆக்ஸிஜன அளக்குற ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சுன்னு மாத்திட்டீங்க. சார், சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா ஒவ்வொரு தடவ புகை அடிச்சு ஓஞ்சதும் அந்த இடைவெளியில வெளிக்காத்து உள்ள இழுக்கும், அந்தக் காத்துல இருக்குற ஆக்ஸிஜனத் தான் சென்சார் பாத்து சொல்லுது, கம்ப்யூட்டரும் அத நம்பி பெட்ரோல கூட ஊத்துது. பெட்ரோல் சீக்கிரம் சீக்கிரம் தீருதுன்னு நான் சொன்னதும் இதனாலதான். நல்லா வேல செஞ்சிட்டிருந்த சென்சார கழட்டிப்போட்டு புதுசுக்கு என்கிட்ட காசு வாங்கியிருக்கீங்க.

இதுல என்னால பொறுத்துக்கவே முடியாதது ஒண்ணு இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது காருக்குள்ள புகை வாடை வருது, பின் சீட்ல அம்மாவும் என் மகளும் உக்காருவாங்கன்னு சொன்னேன். ஏசிய ரீசர்குலேஷன்ல போட்டு ஓட்டுங்கன்னு பதில் வந்துச்சு. எக்ஸாஸ்ட் புகையில கார்பன் மோனாக்ஸைடு இருக்கு, அதுக்கு நிறமும் கிடையாது வாடையும் கிடையாது, வாடை கொறஞ்சுடுச்சுன்னா அது இல்லன்னு அர்த்தம் இல்ல, உள்ள வந்தது உள்ளயேதான் சுத்தும். லீக்க அடைக்கிற வரைக்கும் ஓட்டாதீங்கன்னு சொல்லியிருக்க வேண்டியது நீங்க. ஒரு வொர்க்‌ஷாப் இந்த ஒரு விஷயத்த அசால்ட்டா எடுத்துக்கவே கூடாது.

கடைசியா சின் மிங்ல ஒரு சீன அங்கிள்கிட்ட போனேன். ராத்திரி விட்டுட்டு போன்னாரு. காலையில என்னைப் பக்கத்துல நிக்க வச்சே ஸ்டார்ட் பண்ணாரு, தடிமனான துணிய மடிச்சு டெயில்பைப் வாயில ஒரு நொடி அழுத்திப் பிடிச்சாரு, முன்னாடி பானட்டுக்குள்ளேர்ந்து ஸ்ஸ்ஸ்னு கேட்டுச்சு. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு டெயில்பைப்ல ப்ளோயர் வச்சு காத்த விட்டாரு, ஹீட் ஷீல்ட கழட்டி சோப்புத் தண்ணி அடிச்சாரு, நாலாவது சிலிண்டர் பக்கத்துல கொப்புளம் கொப்புளமா நுரை கெளம்புது. அதே எடத்துல மேனிஃபோல்டு ஓரமா விரல் அகலத்துக்கு கரி படிஞ்சிருக்கு, பக்கத்துல மேனிஃபோல்ட எஞ்சினோட புடிச்சு வைக்கிற ஸ்டட் போல்ட் ஒண்ணு முறிஞ்சு தலையே இல்ல. டார்ச் அடிச்சா யாருக்கும் தெரியும். முறிஞ்ச ஸ்டட் மேல ஒரு நட்ட வெல்ட் வச்சு திருகி எடுத்தாரு, புது ஸ்டட், புது காஸ்கெட், மொத்தம் 280 வெள்ளி. சத்தமும் இல்ல, வாடையும் இல்ல, கோடு அழிச்சப்புறம் லைட்டும் திரும்ப வரல. போட்டோ, அவரோட பில், உங்க ரெண்டு பில்லு எல்லாம் இதோட வச்சிருக்கேன்.

எனக்கு வேண்டியது இதுதான். மஃப்ளர், சென்சார் ரெண்டுக்கும் கூலியோட ஜி.எஸ்.டி.யும் சேத்து நான் கட்டுன 940 வெள்ளியும் திரும்ப வரணும். புது மஃப்ளர் வேணும்னா கழட்டிக்குங்க, ஆனா என்னோட பழச இல்லன்னா அதே தரத்துல ஒண்ண மாட்டித் தரணும். சென்சாருக்கும் அதே தான். என்ன சோதன பண்ணிட்டு இந்த ரெண்டையும் மாத்தச் சொன்னீங்கன்னு எழுத்துல பதில் வேணும், வாயால வேணாம்.

ரெண்டு வாரத்துக்குள்ள பதில் வரலன்னா பயனீட்டாளர் சங்கத்துல புகார் குடுத்துட்டு ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனலுக்குப் போவேன், 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், வக்கீலும் தேவையில்ல. அங்க போகாம முடிஞ்சா எனக்கும் நல்லதுதான். என் நம்பர் பில்லுலயே இருக்கு, வேலை நாள்ல சாயந்தரம் ஆறு மணிக்கு மேல கூப்பிடுங்க.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்