கண்ட்ரோல் குப்பியைத் திறந்தது என்றைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைராய்டு ரிப்போர்ட் லேபுக்கு லேப் மாறுவதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பழியை மொத்தமாக மெஷின் தலையில் கட்டிவிட்டீர்கள். சேலத்து லேப்களில் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். மெஷினுக்கு முன்னால் ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள் என்பேன்.

நோயாளிகளின் ரத்தத்தை ஓட்டுவதற்கு முன், ஹார்மோன் அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதி) ஓட்டிப் பார்ப்போம். அதுதான் கண்ட்ரோல். அதன் எண் வரம்புக்குள் வந்தால்தான் அன்றைய ரிப்போர்ட் வெளியே போக வேண்டும். பெரும்பாலும் உலர்ந்த பொடியாக வரும். 5 மில்லி டிஸ்டில்டு வாட்டரைப் பிப்பெட்டில் அளந்து விட்டு, நுரை கட்டாமல் மெல்லச் சுழற்றி, அரை மணி நேரம் வைக்க வேண்டும். ரப்பர் மூடியில் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தாலும் கணக்கு அன்றைக்கே தப்பு.

பெட்டியில் அச்சடித்த காலாவதித் தேதி திறக்காத குப்பிக்குத்தான். தண்ணீர் விட்டுவிட்டால் பல கண்ட்ரோல்களுக்கு 2 முதல் 8 டிகிரி குளிரில் 7 நாள்தான் ஆயுள். சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20இல் வைத்தால் ஒரு மாதம் போலத் தாங்கும். உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. ஹார்மோனுக்கு ஹார்மோன் இந்த ஆயுள் மாறும் என்பதுதான் சிக்கலே. கார்டிசால், டெஸ்டோஸ்டீரோன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இன்சுலின், ஏ.சி.டி.எச். போன்றவை சீக்கிரம் சிதையும். ஒரே குப்பியில் பல ஹார்மோன்கள் இருக்கும். தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். சரியாக வருகிறதே என்று இன்சுலினையும் நம்புவது சரியில்லை.

நாளைக்கு நாலு தைராய்டு வரும் சின்ன லேபில் 5 மில்லி எப்போது தீரும்? விலையை நினைத்தால் கொட்டவும் மனசு வராது. குப்பி ஃபிரிட்ஜ் கதவிலேயே கிடக்கும். சித்திரை வெயிலில் கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டர் உண்டு, ஃபிரிட்ஜுக்கு இருக்காது. ஏற்காட்டில் ஒருவர், "எங்க ஊர்க் குளிருக்கு ஃபிரிட்ஜே வேண்டாம் சார்" என்றார். ஸ்வெட்டர் போடும் குளிர் வேறு, 8 டிகிரி வேறு!

கெட்ட கண்ட்ரோல் ஒரே நாளில் காட்டிக்கொடுக்காது. கண்ட்ரோல் எண்ணைத் தினமும் புள்ளி வைத்துக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளிகள் நாளுக்கு நாள் ஒரே பக்கமாக இறங்கும். மெஷின்தான் குறைத்துக் காட்டுகிறது என்று ஃபேக்டர் போட்டு, அதாவது வரும் எண்ணை ஒரு எண்ணால் பெருக்கி, ஏற்றிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ட்ரோல் எண் அழகாக நடுக்கோட்டுக்கு வந்துவிடும். கூடவே நோயாளியின் எண்ணும் பொய்யாக ஏறும். அப்புறம் இல்லாத நோய்க்கு மாத்திரைதான். புதுக் குப்பி ஒன்றைக் கரைத்துப் பழையதோடு சேர்த்து ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். புதியது சரியாக வந்து பழையது மட்டும் இறங்கினால் குப்பிதான் கெட்டிருக்கிறது. இரண்டுமே இறங்கினால் ரீஏஜென்ட்டையும் (சோதனைக்கான ரசாயனம்) கேலிபரேஷனையும் (மெஷினின் அளவுத் திருத்தம்) பார்க்கலாம்.

வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் மற்ற லேப்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம், நல்லதுதான். ஆனால் தினசரிக் கண்ட்ரோலுக்கு அது மாற்றாகாது. கம்பெனிகள் 1 மில்லி குப்பிகளைச் சின்ன ஊர்களுக்கும் தாராளமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். நோயாளிகளை அனுப்பும் டாக்டர்களும், என்ன மெஷின் என்று விசாரிக்கும்போது கண்ட்ரோல் குப்பியைத் திறந்த தேதியையும் கேட்கலாம். குப்பி மேல் அதை எழுதி ஒட்டப் பேனாவும் பிளாஸ்திரித் துண்டும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
அஸ்தம்பட்டி, சேலம்.