பலகைப் படங்களைத் தட்டை என்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர் ஓவியங்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பழைய படங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் சொல்லப்பட்ட இரண்டு முடிவுகளை ஏற்க முடியவில்லை. தொலைவைக் காட்டும் உத்தி அந்த ஓவியர்களுக்குத் தெரியாததால்தான் படங்கள் தட்டையாக இருக்கின்றன என்பது ஒன்று. வெண்ணெய்க் கண்ணன் வெள்ளையாக இருப்பது வெள்ளைக்காரர் நிறத்தின் மேல் வந்த மயக்கம் என்பது மற்றொன்று. 32 ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தண்டவாளம் தொலைவில் குறுகிச் சேர்வதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போதெல்லாம், "எங்கள் வீட்டுக் கண்ணன் படத்தில் ஏன் சார் இப்படி இல்லை?" என்று ஏதாவது ஒரு மாணவன் கேட்டுவிடுவான். தொடக்கத்தில் நானும் கட்டுரையாளர் சொன்ன பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதில் தவறு என்பதற்குச் சான்று தஞ்சாவூரிலேயே இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தில் (1798–1832) நடந்த கண் சிகிச்சைகளைப் பதிவு செய்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயுற்ற கண்களின் சிவப்பும் புரையும் இமையின் மடிப்பும் அவற்றில் வண்ணத்தில், கண்ணெதிரே பார்ப்பதுபோல் வரையப்பட்டிருக்கின்றன. மனித முகங்களை விலங்கு முகங்களோடு ஒப்பிட்டு பிரெஞ்சு ஓவியர் சார்ல்ஸ் லெ ப்ரூன் வரைந்த படங்களும் அதே நூலகத்தில் இருக்கின்றன. லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய சரபோஜியின் பளிங்குச் சிலை அரண்மனையில் நிற்கிறது. ஐரோப்பிய முறை கண்ணில் படாத ஊர் அல்ல அது.

இன்னும் வலுவான சான்று, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக அதே ஊரில் வரையப்பட்ட காகிதப் படங்கள். ஆங்கிலேயர் 'மூச்சி' என்று எழுதிவைத்த முச்சிய ஓவியர்கள்தாம் இவற்றை வரைந்தவர்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் சாதிக்கும் ஒரு கணவன் மனைவி, கையில் தொழிற்கருவி, காலடியில் மெல்லிய ஒரு கீற்றுத் தரை, பின்னால் வெற்று வானம் என்று ஐரோப்பியக் காகிதத்தில் தொகுதி தொகுதியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இவற்றில் ஆடையின் மடிப்பில் நிழல் விழுகிறது, கணுக்கால் தரையில் ஊன்றி நிற்கிறது. ஊருக்குத் திரும்பும்போது ஆல்பமாகக் கொண்டுபோக வாங்கியவர்களுக்கு அந்தத் தம்பதியின் பெயரோ தெருவோ தேவைப்படவில்லை. 'இது குயவர், இது செக்காடுபவர்' என்று அடையாளம் தெரிந்தால் போதும். அதனால்தான் பின்புலம் காலியாக இருக்கிறது. இந்தக் காலி வானத்தையும் சிலர் ஓவியரின் இயலாமையாகப் படிக்கிறார்கள். நான் அதை வாங்கியவரின் தேவையாகப் படிக்கிறேன்.

ஆக, காகிதத்தில் வரைந்தால் ஒரு முறை, பலகையில் வரைந்தால் வேறொரு முறை. தெரியாமல் செய்தது என்று இதைச் சொல்வதற்கில்லை. பலாப் பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த 'மக்கு' என்ற கலவையைக் கொண்டு நகைகளையும் தூண்களையும் வளைவுகளையும் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, அதன்மேல் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) ஒட்டியவர், ஆழத்தைக் கோட்டில் காட்டாமல் கையால் தடவிப் பார்க்கும்படியே எழுப்பிவிட்டார். உடலிலும் முகத்திலும் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்லிய நிழல் தேய்த்து உருட்சி காட்டியிருப்பதை, நல்ல நிலையில் உள்ள எந்தப் பழைய படத்திலும் காணலாம்.

இந்தப் படங்கள் எங்கே தொங்கின என்பதைக் கட்டுரையாளர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. எங்கள் பாட்டி வீடு வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தது. ரேழி, கூடம் தாண்டி, சன்னலே இல்லாத பூசையறையில் மூன்றடி உயரக் கண்ணன் படம் இருந்தது. மின்சாரம் வராத காலத்தில் குத்துவிளக்கின் ஒளி கீழிருந்து ஏறும். திரி அசைந்தால் கல்லும் ரேக்கும் மினுங்கும்; கண்ணனின் உடல் மட்டும் அசையாமல் வெளிறிய நிறத்தில் தனித்துத் தெரியும். தங்கத்துக்கு நடுவே கருநீல உடல் இருந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் அது இருட்டோடு கலந்திருக்கும். வெள்ளை நிறத்துக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அதே பட்டறைகளிலிருந்து பச்சை நிற இராமனும் நீல நிற விஷ்ணுவும் வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் மேல் மயக்கம் என்றால் அது குழந்தைக் கண்ணனோடு மட்டும் ஏன் நின்றது?

இந்தப் படங்களில் வரும் திரைச்சீலை, சரவிளக்கு, வளைவு மண்டபம் ஆகியவற்றைப் பார்த்து, இதெல்லாம் அதிகாரத்தை இழந்த அரசரின் ஏக்கம் என்று கட்டுரை சொல்வது கேட்க அழகாக இருக்கிறது. 1799 உடன்படிக்கையோடு நாட்டின் ஆட்சி கம்பெனியிடம் போய், கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டும் சரபோஜியிடம் எஞ்சின என்பதும் உண்மை. ஆனால் பூசையறைப் படத்தை வாங்கியவரெல்லாம் அரசர் அல்லவே. 1855இல் சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் மறைந்து, எஞ்சியிருந்ததும் கம்பெனியின் கைக்குப் போன பிறகும் இந்தப் படங்கள் நிற்கவில்லை. மிராசுதார் வீட்டுக்கும் வணிகர் வீட்டுக்கும் மடத்துக்கும் தொடர்ந்து வரையப்பட்டன. தெய்வத்தை அரசராகக் கொலுவிருத்துவது நம் கோயில் வழக்கத்திலேயே இருக்கும்போது, திரைச்சீலைக்கு அரண்மனைச் சோகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இனி நான் சொல்லப்போவது எங்கள் வீட்டில் நடந்தது. பாட்டி காலமான பிறகு, புகை படிந்து கருத்திருந்த அந்தப் படத்தைப் 'புதுப்பித்துத் தருகிறேன்' என்று ஒருவர் வாங்கிப் போனார். ஈரத் துணியால் துடைத்திருக்கிறார். பசையில் குழைத்த நீர்வண்ணம் ஈரத்தில் கரையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கன்னத்திலும் வயிற்றிலும் இருந்த நிழல் துணியோடு போய்விட்டது. போன இடத்தில் எனாமல் வண்ணத்தை ஒரே பூச்சாகப் பூசி, கண்ணுக்குப் புதிய மை எழுதி, பளபளவென்று கொண்டுவந்து தந்தார். வீட்டார் மகிழ்ந்தார்கள்; நானும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இன்று யாராவது அதைப் பார்த்தால், கட்டுரையாளர் எழுதியது போலவே 'தட்டையான உருவம், நிழல் இல்லாத நிறம்' என்றுதான் எழுதுவார். எழுதியது 19ஆம் நூற்றாண்டைப் பற்றி என்று அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் அந்த எனாமல் பூச்சுக்கு என் வயதுகூட இல்லை. இந்தப் படங்களில் ஓவியர் பெயரோ ஆண்டோ எழுதியிருப்பது அரிது என்பதால் பாணியை வைத்தே காலத்தையும் பொருளையும் ஊகிக்கிறோம். அந்தப் பாணியே மேற்பூச்சாக இருந்தால் ஊகம் எங்கே நிற்கும்?

ஓவியர் இரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கிய பிறகு அவருடைய தெய்வப் படங்கள் மலிவாக வந்து பலகைப் படத்தின் இடத்தைப் பிடித்தன என்று கட்டுரை சரியாகவே சொல்கிறது. அதோடு ஒன்றைச் சேர்க்கலாம். அந்த அச்சுப் படங்களை வாங்கிய வீடுகள் சிலவற்றில் பெண்கள் லட்சுமியின் சேலைமேல் சரிகையும் சமிக்கியும் ஒட்டி, நகைகளைப் புடைப்பாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். நிழலும் தொலைவும் பிசகாமல் அமைந்த படம் கைக்கு வந்த பிறகும், விளக்கொளியில் மினுங்கும் ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது.

கடைசியாக, கட்டுரையோடு வெளியிட்ட படத்தைப் பற்றி. நேர் எதிரே வெளிச்சம் அடித்து எடுத்ததால் புடைப்பு முழுவதும் மறைந்துவிட்டது. போதாக்குறைக்கு இரண்டு பக்க ஓரங்களும் வெட்டப்பட்டுள்ளன. ஒரு சிறிய கையும் முந்தானை நுனியும் மட்டும் எஞ்சியிருப்பதைப் பார்த்தால், கண்ணனுக்குப் பக்கத்தில் சிறிய உருவங்கள் நின்றிருக்க வேண்டும். அவை இருந்தால்தான் நடுவில் இருப்பவர் ஏன் அவ்வளவு பெரியவர் என்பது வாசகருக்குத் தெரியும். பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்த முழுப் படத்தை, அளவையும் பின்னாளில் பூச்சு ஏதும் நடந்ததா என்பதையும் குறிப்பிட்டு, மீண்டும் ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.