சோம்பு இங்கே வர வேண்டாம், அக்கா

அக்கா,

நாளையோடு நம் பூனை மிளகு போய் ஒரு வருடம். காலையிலேயே நீ கூப்பிடுவாய், கொஞ்சம் அழுவாய், அப்புறம் உன் பூனை சோம்பை என்னிடம் விடட்டுமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்பாய். அதனால் இன்றைக்கே பதில் எழுதிவிடுகிறேன். சோம்பு இங்கே வர வேண்டாம். மிளகைப் போலவே, பூனைகளுக்கு வரும் லுகேமியா வைரஸ் பாசிட்டிவ் என்று வந்த இன்னொரு பூனையை எடுத்துக்கொள்வதாக நான் சொல்லிவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உன் குரல் கம்மியதும் "சரி, கொண்டு வா" என்று சொல்லிவிடுவேன். நாலு பேர் பார்க்க எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது. இதே நிலைமையில் பூனை வைத்திருக்கும் சிலரும் இங்கே படிக்கிறார்கள். நம் வீட்டு ஆட்களும்தான் படிக்கிறார்கள். அதனால் அன்று டாக்டர் அறையில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. உனக்கும் எனக்கும் தெரியும், போதும்.

வைரஸைக் காட்டித் தப்பிக்கவும் மாட்டேன். பூனையின் உடம்புக்கு வெளியே, காய்ந்த இடத்தில், லுகேமியா வைரஸ் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஒரு வருடமாகப் பூனையே இல்லாத வீட்டில் சோம்புக்கு என்ன ஆபத்து இருக்கிறது? உன் புது வேலையில் அது நாள் முழுக்கத் தனியாகக் கிடக்கிறது என்பதும் தெரியும். நீ கேட்பது நியாயம். நியாயமாக இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எழுத உட்கார்ந்ததிலிருந்து, ரிசல்ட் வந்த அன்று ராத்திரி நீ சிங்க் முன்னால் நின்றதுதான் கண்ணில் நிற்கிறது. மிளகின் கிண்ணத்தை ப்ளீச்சில் முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாய். கையுறை இல்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நான் பின்னால் நின்று பாடம் நடத்தினேன். கொழுப்பு உறை போர்த்திய வைரஸ், சாதாரண சோப்புக்கே செத்துவிடும், எச்சிலில்தான் பரவுகிறது, சோம்பு தினமும் மிளகின் முகத்தை நக்கிவிடுகிறதே, அந்த முகத்தை எந்த ப்ளீச்சில் கழுவப்போகிறாய் என்று. நீ திரும்பவே இல்லை. "1964இல் கண்டுபிடித்தது. இன்னும் இதை உடம்பிலிருந்து விரட்ட மருந்து இல்லை. என்னைத் தேய்க்கவாவது விடு" என்றாய். கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் இதைக் கண்டுபிடித்தது, ஒரே வீட்டுப் பூனைகளுக்கு வரிசையாகப் புற்று வந்தது என்று எல்லாவற்றையும் அன்று மாலைக்குள் படித்து முடித்திருந்தாய். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கிற அதே அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கிண்ணம் பறக்கும் என்று அடக்கிக்கொண்டேன். பிறகு ஒரு துணியை எடுத்து, நீ கழுவிக் கொடுத்ததையெல்லாம் துடைக்க ஆரம்பித்தேன். சுத்தமாக இருந்த தட்டுகளைக்கூட நடுராத்திரி வரை கழுவினோம். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மிளகு கத்தியது, இந்தப் பக்கம் சோம்பு. கடைசிக் கிண்ணத்தை நீட்டும்போதுதான் என் முகத்தைப் பார்த்தாய். "உனக்கு ஒன்றைப் பற்றித்தான் பயம். எனக்கு இரண்டைப் பற்றியும்."

அது உண்மையில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன், இப்போது சொல்கிறேன். சோம்புக்கு முதல் தடவை நெகட்டிவ் என்றதும் நீ நிம்மதியாகிவிட்டாய். தொற்று உள்ளே போனாலும் ரத்தத்தில் தெரியச் சில வாரம் ஆகலாம், மறுபடியும் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். இரண்டாவதும் நெகட்டிவ். சோம்பு வளர்ந்த பூனை, தடுப்பூசி போட்டது, அதன் உடம்பு எதிர்த்து நின்றுவிட்டது. மிளகு குட்டியிலேயே வாங்கிக்கொண்டு வந்தது, குட்டியின் உடம்புக்கு அந்தத் தெம்பு ஏது? நீ சோம்பைத் தூக்கிக்கொண்டு போனது சரியான முடிவு. எல்லோரும் பார்க்க எழுதுகிறேன், சரியான முடிவு.

ஆனால் அதற்கப்புறம் ஒரு தடவையாவது மிளகைப் பார்க்க வந்திருக்கலாம். கையைக் கழுவி உடை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது என்று அவ்வளவு படித்த உனக்குத் தெரியாதா?

நீ வராத மாதங்களில் காலையில் என் முதல் வேலை, அதன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது. இளஞ்சிவப்பாக இருந்தால் அன்றைக்குக் கவலையில்லை. வெளிறியிருந்தால் எலும்பு மஜ்ஜை சிவப்பணு செய்வதைக் குறைத்துக்கொண்டு வருகிறது. வெளியே விடக்கூடாது, பச்சை இறைச்சி கூடாது, 6 மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. மற்றப் பூனைக்குத் தும்மலோடு போகிற சளி இதற்குக் காய்ச்சலாக இழுத்துக்கொண்டு நிற்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. மற்ற நாட்களில் அது வெறும் பூனைதான், அக்கா. திரைச்சீலையைக் கிழித்தது. என் சாவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது. வைரஸ் அடங்காமல் ரத்தத்தில் நிலைத்துவிட்ட பூனைகளில் பெரும்பாலானவை, கண்டுபிடித்த 3 வருடத்துக்குள் போய்விடுகின்றன. மிளகும் அந்தக் கணக்கைத் தாண்டவில்லை. ஆனால் பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக ஊசி போட்டு முடித்துவிட வேண்டாம் என்றுதான் அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. அன்றைக்கு அந்த டாக்டர் வேறு மாதிரி சொன்னபோது நீ தலையாட்டினாய்.

எழுதமாட்டேன் என்று சொன்னதை எழுதிவிட்டேன். இருக்கட்டும், அழிக்கப்போவதில்லை.

வரப்போகிறவன் பெரிய ஆண் பூனை, ஒரு காது கிழிந்தது. எலைசா என்ற ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ், உறுதிப்படுத்த எடுத்த பிசிஆர் பரிசோதனையும் பாசிட்டிவ். பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இன்னொரு வைரஸான எஃப்ஐவி மட்டும் இல்லை. ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். "அவனைத் தனி அறையில் வை, சோம்பு ஹாலில் இருக்கட்டும்" என்பாய். பலர் அப்படி வளர்க்கிறார்கள், தப்பில்லை. தடுப்பூசி முழுப் பாதுகாப்புத் தராது, அதனால் கதவு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். நீ கிளம்பும் வரை நாமும் அப்படித்தானே இருந்தோம்? ஒரு காலால் ஒன்றைத் தடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைவது, உள்ளே போனால் வெளியே அழுகை, வெளியே வந்தால் உள்ளே. இன்னொரு முறை என்னால் முடியாது. இவனுக்கு வீடு முழுக்க வேண்டும். பின்னால் இதே வைரஸ் உள்ள இன்னொன்று வந்தால் துணைக்குச் சேர்த்துவிடுவேன். சோம்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள், உனக்கே தெரியும்.

இதைப் படித்துவிட்டு எனக்குச் சோம்பு மேல் பாசமில்லை என்று நீ சொன்னால் கோபம் வரும். என் போர்வைக்குள் புகுந்து முழங்காலுக்குப் பின்னால் சுருண்டு தூங்கிய பூனை அது. அதை ஒரு வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேண்டாம் என்கிறேன். மன்னித்துவிடு. உன்னை நம்பியிருந்த நேரத்தில் நீ கைவிட்டாய் என்று கணக்குத் தீர்க்கிறேனோ என்றும் யோசித்தேன். கொஞ்சம் இருக்கலாம். முழுக்க அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இவனைக் கூட்டி வருகிறேன். பார்க்க வா. வந்தால் சோம்பைப் பற்றியும் உட்கார்ந்து பேசலாம். பகலில் யாராவது வந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டுமென்றால் பாதிச் செலவு என்னுடையது. இந்த மாதம் அதற்குத் தடுப்பூசி போட வேண்டும், மறந்துவிடாதே. அதன் பெரிய கூண்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது. இவனைக் கொண்டு வர எனக்கு அது தேவைப்படும். உனக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் சொல், வேறு வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி