ஈடிப்பஸ் மீது நீங்கள் போட்ட வழக்கு

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்கள், வினாத்தாள் எடுப்பவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

மாலை வேளைகளில் என் வீட்டு மொட்டை மாடியில் சில கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி, பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதிய ஈடிப்பஸ் நாடகத்துக்கான குறிப்புத் தாளை நீட்டினாள். முதல் வரியே, ஈடிப்பஸின் வீழ்ச்சிக்குக் காரணம் அவனுடைய ஆணவம், அதுவே அவனது ‘துன்பியல் குறை’, அதாவது நாயகனை வீழ்த்தும் குணக்கேடு, என்று தொடங்கியது. இருபது வருடங்களுக்கு முன் நானும் இதே வரியைத்தான் மனப்பாடம் செய்து எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. “நாடகத்தைப் படிச்சியா?” என்று கேட்டேன். “இல்ல சார், நோட்ஸே போதும்னாங்க” என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கேள்வி அப்படி வருகிறது, பதிலும் அப்படிப் போகிறது. ஆனால் நாடகத்தைத் திறந்து பாருங்கள். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்று டெல்ஃபியில் குறி கேட்டவன், அது நடந்துவிடக் கூடாது என்றுதானே பெற்றோர் என்று நம்பியவர்களை விட்டு, கொரிந்துக்கே திரும்பாமல் போகிறான்? முச்சந்தியில் தேரில் வந்த கிழவர் அவனை வழியைவிட்டுத் தள்ளி, தலையில் தார்க்குச்சியால் அடிக்கிறார். அவன் திருப்பி அடிக்கிறான். கோபக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிழவர் தன் தந்தை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பிறகு அவன் அரசனான தீப்ஸில் கொள்ளைநோய். ஊரைக் காப்பாற்ற, முந்தைய அரசரைக் கொன்றவன் யார் என்று அவன் விசாரணையைத் தொடங்குகிறான். வேண்டாம், விட்டுவிடு என்று அவன் மனைவியும் உண்மையில் தாயுமான யொகாஸ்டா கெஞ்சுகிறாள். அவன் பிறப்பின் ரகசியம் தெரிந்த மூத்த இடையனும் கெஞ்சுகிறான். சொல்லக் கூடாததன் விளிம்பில் நிற்கிறேன் என்கிறான் இடையன். நானும் கேட்கக் கூடாததன் விளிம்பில்தான் நிற்கிறேன், இருந்தும் கேட்டாக வேண்டும் என்கிறான் ஈடிப்பஸ். இதற்கா ஆணவம் என்று பெயர்?

இந்த வழக்கில் சோஃபக்ளீஸே சாட்சி சொல்லியிருக்கிறார். தொண்ணூறை ஒட்டிய வயதில் எழுதிய ‘கொலோனஸில் ஈடிப்பஸ்’ நாடகத்தில், உண்மை தெரிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொண்டு குருடனாக அலையும் ஈடிப்பஸ், நான் தெரியாமல் செய்தேன், சட்டத்தின் முன் நான் குற்றமற்றவன் என்று வாதாடுகிறான். கி.மு. 401இல், சோஃபக்ளீஸ் இறந்த பிறகு, அது மேடையேறியது. அந்த நாடகத்தின் பெயரைக்கூட என் மாணவி கேள்விப்பட்டதில்லை.

நீங்கள் ‘துன்பியல் குறை’ என்று சொல்வதற்குக் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் பயன்படுத்திய ‘ஹமார்ஷியா’ என்ற சொல்லில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. அதன் வினைச்சொல், பழங்கவி ஹோமரின் காவியத்தில், எறிந்த ஈட்டி குறி தவறுவதைச் சொல்ல வருகிறது. நம் மொழியில் ‘குறி தப்பியது’ என்றாலே போதும், பொருள் கச்சிதமாக வந்துவிடும். சில நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அதே சொல்லுக்குப் பாவம் என்று பொருள். பின்னால் ஏறிய அந்தப் பொருளை வைத்து முந்தைய நாடகத்தைப் படித்தால் யாரும் பாவியாகத்தான் தெரிவார்கள். தகுதியில்லாத துன்பத்தைப் பார்க்கும்போதுதான் நமக்கு இரக்கம் வருகிறது என்று சொன்னவரும் அதே அரிஸ்டாட்டில்தான்.

அரிஸ்டாட்டிலைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர் விதி போட்டவர் அல்ல, பார்த்ததையும் படித்ததையும் வைத்து யோசித்தவர். அவர் பிறந்தது கி.மு. 384இல். சோஃபக்ளீஸும் இன்னொரு துன்பியல் நாடகாசிரியரான யூரிப்பிடீஸும் அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ‘கவிதையியல்’ நூலில் ஒரு அத்தியாயத்தில் துயரத்தில் முடிவதே சிறந்த கதை என்கிறார். அடுத்த அத்தியாயத்திலேயே, யாரென்று தெரியாமல் பலியிடப் போகும் நேரத்தில் தம்பியை அடையாளம் கண்டு இஃபிஜீனியாவின் கை நின்றுவிடுகிறதே, அந்த வகைதான் மிகச் சிறந்தது என்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது என்று அறிஞர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். பரீட்சைக்கு இதைக் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்புறம் அந்த ‘மூன்று ஒருமைகள்’, அதாவது ஒரே கதை, ஒரே நாள், ஒரே இடம் என்ற விதி. அரிஸ்டாட்டில் வலியுறுத்தியது கதையின் ஒருமையை மட்டும். காலத்தைப் பற்றி, துன்பியல் நாடகம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கப் பார்க்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி உண்டு. இடத்தின் ஒருமை பற்றி அவர் பேசவே இல்லை. கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘யூமனிடீஸ்’ டெல்ஃபியில் தொடங்கி ஏதென்ஸுக்குப் போய்விடுகிறது. மூன்றையும் சேர்த்துச் சட்டமாக்கியவர் 1570இல் ‘கவிதையியல்’ நூலுக்கு உரை எழுதிய இத்தாலியர் காஸ்டெல்வெத்ரோ. 1637இல் பாரிஸில் நாடகாசிரியர் கார்னெயின் ‘லெ சித்’ நாடகம் சக்கைப்போடு போட்டபோது, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இவ்வளவும் நடக்குமா என்று சண்டை கிளம்பி, அமைச்சர் ரிஷ்லியூ தொடங்கிய பிரெஞ்சு அகாதெமி வரை வழக்குப் போயிற்று. பாவம் கார்னெய், பல வருடங்கள் கழித்தும் முப்பது மணி நேரம்வரை போகலாமே என்று வாதாடிக்கொண்டிருந்தார். இத்தாலிய, பிரெஞ்சு நாடகத்தின் வரலாறாக இதைச் சொல்லிக்கொடுங்கள், மாணவர்கள் ரசிப்பார்கள். கிரேக்கர்களின் விதி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஷேக்ஸ்பியர் வரை தாக்கம் எப்படிப் போயிற்று என்பதையும் உங்கள் குறிப்புகள் ஒரே தாவலில் தாண்டிவிடுகின்றன. இடையில் நிற்பவர் ரோமானிய நாடகாசிரியர் செனெக்கா, பேரரசன் நீரோவின் ஆசிரியர். அவர் பெயரில் வழங்கிய பத்து நாடகங்கள் 1581இல் ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாக வந்தன. ஆவி வந்து பழி கேட்பது, ஐந்து அங்கங்கள், ரத்தம் சொட்டும் விருந்து எல்லாம் இந்த வழியாக வந்தவை. அவருடைய ‘தயெஸ்டஸ்’ நாடகத்தில் தந்தைக்கே பிள்ளைகளின் கறி பரிமாறப்படுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ்’ கடைசிக் காட்சியில் தாய்க்கு. ‘ஹாம்லெட்’டில் நாடகக்காரர்களைப் புகழும் பொலோனியஸ் வாயில் வருவதும் செனெக்காவின் பெயர்தான்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த நாடகத்துக்கு வருகிறேன். ஏதென்ஸ் படை மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அது நடந்து சில மாதங்களில், கி.மு. 415இன் வசந்தத்தில், யூரிப்பிடீஸ் ‘ட்ரோஜன் பெண்கள்’ நாடகத்தை அந்த ஏதென்ஸ் மக்கள் முன்னாலேயே போட்டார். கிரேக்கர்களிடம் தோற்று எரியும் ட்ராய் நகரத்துக்கு வெளியே பெண்கள், யார் எந்த எஜமானனுக்கு என்று தெரியாமல் காத்திருக்கிறார்கள். இறந்த ட்ராய் வீரன் ஹெக்டரின் சின்ன மகனை மதிலிலிருந்து எறிகிறார்கள். அவன் உடலை அப்பாவின் கேடயத்திலேயே வைத்துப் பாட்டி ஹெக்குபா அடக்கம் செய்கிறாள். நாடகப் போட்டியில் யூரிப்பிடீஸுக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது. இதில் உயர்குடி நாயகன் எங்கே? யாருடைய குறையால் வீழ்ச்சி? உங்கள் கேள்வியை இந்த நாடகத்திடம் கேட்கவே முடியாது. ஆனால் பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் 1965இல் இதைத்தான் பிரெஞ்சில் மறுஆக்கம் செய்தார். 2013இல் ஜோர்டானில் சிரிய அகதிப் பெண்கள் இதை எடுத்துத் தங்கள் சொந்தக் கதைகளோடு சேர்த்து நடித்தார்கள்.

இதில் பாதி பாரம் சுமப்பது கோரஸ் என்ற பாடகர் குழு. பதினைந்து சாதாரணக் குடிமக்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, ஆடிப் பாடி நின்ற இடம் அது. உங்கள் பாடத்திட்டத்தில் அதற்கு இரண்டு மதிப்பெண் குறுவினா.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த திருத்தத்தில் ‘துன்பியல் குறையை விளக்குக’ என்ற பத்து மதிப்பெண் வினாவை எடுத்துவிடுங்கள். பதிலுக்கு ‘ட்ரோஜன் பெண்கள்’ வையுங்கள். சுமார் 1,300 வரிகள்தான். கோரஸ் பகுதியை மாணவர்கள் கூட்டாகச் சத்தம்போட்டு வாசித்தாலும் இரண்டு பீரியடில் முடிந்துவிடும். என் மாடியில் நாங்கள் நேற்றே தொடங்கிவிட்டோம். ஹெக்குபாவாக வாசிப்பவள் அந்தக் குறிப்புத் தாள் மாணவிதான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்